நாற்பத்தேழாவது நிமிடம்

...கேட்கத் தேவையில்லை என்று செலீன் ஏன் வேலை மினக்கெட்டு வந்து சொல்ல வேண்டும், மின்னஞ்சலில் ஒரு வரி போட்டிருந்தால் போதுமே, ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால் தாட்சாயினி தானாகவே கேட்காமல் விட்டிருப்பாளோ என்னவோ, இரண்டே முக்கால் மணித்தியால ஒலிப்பதிவு, யார் இருந்து கேட்பது, எழுத்துப் பிரதி இருக்கிறது, அது சரியென்று உறுதிப்படுத்திய கையெழுத்தும் இருக்கிறது... ஆனால் செலீன் காலை ஒன்பதரைக்குக் கோட்டையும் கழற்றாமல், சப்பாத்துப் பனி விரிப்பில் உருகிச் சொட்ட வந்து நின்று, அந்தக் கௌசலா கோப்பை இன்றைக்கு மூன்று மணிக்குள் மூடிவிடு, ஒட்டாவாத் தலைமையகத்தில் கேட்கிறார்கள், ஒலிப்பதிவைக் கேட்கத் தேவையில்லை, பிரதி போதும் என்று பிரெஞ்சில் சொன்னாள், சொன்ன பிறகும் போகவில்லை, மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றித் திரும்பப் போட்டாள், பிறகுதான் போனாள். அவள் இந்த அலுவலகத்தின் மொன்றியல் பிரிவுக்குத் தலைவி, ஒன்பது வருடப் பழக்கம், பேனையோடு விளையாடுகிற ஆள் இல்லை. எல்லைகளிலும் தடுப்பு நிலையங்களிலும் வேலை செய்கிற மத்திய அரசு அலுவலர்கள் மீது ஆராவது முறைப்பாடு போட்டால் அதை விசாரிக்கிற இடம் இது, தாட்சாயினி இங்கே சட்டத்தரணி, அரசாங்கத்தைப் பார்த்துக்கொள்ள அரசாங்கமே சம்பளம் குடுத்து வைத்திருக்கிற ஆள், அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் எல்லாருக்கும் பெருமையாகச் சொன்னாள். ஏழு சட்டத்தரணிகள் இருக்கிற இடத்தில் இந்தக் கோப்பு ஏன் எனக்கு வந்தது? தமிழ் ஆளின் முறைப்பாட்டைத் தமிழ்ப் பெயர் ஒன்று கையெழுத்துப் போட்டு மூடினால் நாளைக்கு ஆரும் வாய் திறக்க ஏலாது என்றா? போன கிழமை செலீனின் அறைக்குள் நுழைந்தபோது அவள் ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தினாளே, அதுவும் இதுதானோ, அல்லது அது மகனின் விவாகரத்துக் கதையோ, எல்லாவற்றையும் இதோடு முடிச்சுப் போடுகிறேனோ...

கோப்பைத் திரும்பவும் விரித்தாள். கௌசலா, முப்பத்தெட்டு வயது, மட்டக்களப்பு, போன வருடம் மார்ச் மாதம் விமான நிலையத்தில் வந்திறங்கி அகதி என்று சொன்னவள், தடுத்து வைக்கப்பட்டவள். முறைப்பாடு ஒரே பக்கம், அவளுக்காக ஆஸ்பத்திரித் தொண்டர் ஒருத்தி பிரெஞ்சில் எழுதியது. விசாரணையின்போது கால் வருத்தத்துக்கு டொக்டரைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், அலுவலர் பொருட்படுத்தவில்லை, ஒன்பது நாள் கழித்து இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். அலுவலரின் பதிலும் சின்னது, அந்தப் பெண் டொக்டரைக் கேட்கவே இல்லை, பிரதியைப் பாருங்கள். பிரதியைப் பார்த்தால், அதில் ஆங்கிலத்தில் பேசப்பட்டது மட்டும்தான், உண்மையில் ஒன்றும் இல்லை, நாற்பத்தேழாவது நிமிடத்தில் ‘களைப்பாக இருக்கிறது’ என்று ஒரு வரி, பிறகு பயண முகவரைப் பற்றிய கேள்வி. இந்த அலுவலர் மீது ஏற்கெனவே இரண்டு முறைப்பாடுகள், இரண்டும் நிரூபிக்கப்படாதவை, தாட்சாயினிக்கு அந்தப் பெயர் கண்ணில் பட்டவுடனேயே ஒரு கசப்பு வந்தது, அதை அவள் வெளியே காட்டவில்லை, தனக்குத் தானே மறைக்கவுமில்லை. ஆள் கத்தியிருப்பான், மேசையில் அடித்திருப்பான், பிரதியில் அதெல்லாம் வராது, எழுத்தில் எல்லாரும் மரியாதையாகத்தான் கதைக்கிறார்கள். ஒலிப்பதிவைத் திறந்தால் ஆர் திறந்தது, எத்தனை மணிக்கு, எந்த நிமிடத்தில் நிறுத்தியது எல்லாம் கணினியில் பதிவாகும், அது அவளுக்குத் தெரியும். பதினொன்றரைக்கு, பக்கத்து அறை ஆள் சாப்பிடப் போன பிறகு, காதில் மாட்டிக்கொண்டு திறந்தாள். திறக்கும்போதே ஒருக்கால் கதவைப் பார்த்தாள், சட்டப்படி தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்வதற்கு எதற்குக் கதவைப் பார்க்கிறேன்?

அலுவலர் கத்தவில்லை. அதுதான் முதல் ஏமாற்றம், ஏமாற்றம் என்ற சொல்லே வெட்கமாக இருந்தது, ஆனால் அதுதான், அவள் அந்த மனிசன் கத்துவதற்காகக் காத்திருந்தாள், அவனோ சளி பிடித்த குரலில், கொஞ்சம் சலிப்பாக, ஒவ்வொரு கேள்வியாக ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தேழாவது நிமிடத்தில் கௌசலாவின் குரல், மெல்லிய குரல், மூச்சு விடாமல் ஒரே வீச்சில், “மூணு நாளா சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கல்ல ஐயா, கால் வீங்கிப் போய்க் கிடக்கு, வாகரையில அவங்கட காம்புல சமைச்சிக் குடுக்கக்குள்ள பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளுக்க இரிக்கி, அதுதான் இப்பிடி, ஒரு டொக்டரக் காட்டச் சொல்லுங்க.” அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளரின் ஆண்குரல் ஆங்கிலத்தில், களைப்பாக இருக்கிறதாம். அலுவலர், தண்ணி வேணுமா என்று கேள் என்றான், கிளாஸில் தண்ணீர் வார்க்கிற சத்தம்கூடக் கேட்டது. தாட்சாயினி நிறுத்தினாள். கேட்டிருக்கிறாள். தெளிவாக, சொல்லுக்குச் சொல், டொக்டரைக் கேட்டிருக்கிறாள். அலுவலரும் பொய் சொல்லவில்லை, அவன் காதுக்கு அது போகவேயில்லை. இரண்டு பேரும் உண்மை சொல்கிற ஒரு முறைப்பாட்டை அவள் இதுவரை கண்டதில்லை.

அப்ப இவர்தான்... இந்த மொழிபெயர்ப்பாளர். பிரதியில் அவருக்குப் பெயர் இல்லை, ஒரு இலக்கம் மட்டும். ஆள் யாழ்ப்பாணம், அது இரண்டு சொல்லிலேயே தெரிந்தது, மட்டக்களப்புப் பெண் இழுத்து மெல்லமாகக் கதைத்தது அவருக்கு விளங்கவில்லையோ, அல்லது விளங்கியும், இவையள் இப்பிடித்தான், எதுக்கெடுத்தாலும் ஒரு கதை வைச்சிருப்பினம் என்கிற அந்த அலட்சியமோ, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டிருக்கிற தொனி அது, கிழக்கு ஆக்களைப் பற்றிக் கதைக்கும்போது மாமாக்கள் ஒரு பக்க உதட்டால் சிரிப்பார்களே, அது. கோபம் வந்தது, கோபம் வந்ததில் ஒரு ஆறுதலும் இருந்தது, ஏனென்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். திரும்பப் போட்டாள். திரும்பவும். பத்தாம் தரமோ பதினோராம் தரமோ, சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டி வைத்தபோது, தண்ணீர் வார்க்கிற சத்தத்துக்கு அடியில் அவர் தமிழில் மெல்லச் சொன்னது கேட்டது. “பிள்ளை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. அந்தக் காம்புக் கதை இஞ்ச வேண்டாம். விளங்குதோ?” அலுவலர் உடனே, அவளுக்கு என்ன சொன்னாய் என்று கேட்கிறான். அவர் ஒரு செருமல் செருமிவிட்டு, கேள்வியைத் திரும்பச் சொன்னேன் சேர் என்கிறார். அந்தச் செருமல்... போன ஐப்பசியில் புரோசார்ட் மண்டபத்தில் ஒரு கலியாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மேடைக்கு வரவும் என்று சொல்வதற்கு முதல் இதே செருமல். தேவதாசன் மாமா. இரத்த உறவில்லை, எல்லாரும் கூப்பிடுவதால் மாமா. அவர் வாசலில் வந்தால் அப்பா கதிரையை விட்டு எழும்பி நிற்பார், அப்பா வேறு ஒருத்தருக்கும் எழும்புவதில்லை, ஏன் என்று கேட்டால் அம்மா மட்டும், எங்கட அகதிக் கேசுக்குக் கதைச்சவர் பிள்ளை என்பா.

தாட்சாயினி காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். விளங்காமல் விட்டவர் இல்லை, விளங்கியதால் விட்டவர். அவங்கட காம்பில் சமைச்சுக் குடுத்தேன் என்ற நாலு சொல்லு அந்த அறையில் ஆங்கிலமாக வெளியே வந்திருந்தால் அதற்குப் பிறகு கேள்வி எல்லாம் காம்பைப் பற்றித்தான் இருந்திருக்கும், எத்தனை நாள், ஆர் கூட்டிக்கொண்டு போனது, விருப்பத்தோடா, துவக்கு வைச்சிருந்தியா, பேந்து ஆயுத இயக்க உறுப்பினர் என்று ஒரு பெட்டியில் அடையாளம் போட்டு நாட்டுக்குள் எடுக்க ஏலாது என்று எழுதிவிடுவார்கள், இருபது வயதில் பிடித்துக்கொண்டு போய்ச் சோறு ஆக்க வைத்தார்கள் என்பதை நிரூபிக்க அவள் எந்தச் சாட்சியைக் கூட்டி வருவாள். தேவதாசன் மாமா ஒரு செக்கனில் இதெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார், முப்பத்தைந்து வருடமாகப் போட்டுப் பழகிய கணக்கு. சரி, அப்ப காம்பை விட்டுவிட்டுக் காலை மட்டும் சொல்லியிருக்கலாமே, கால் வீங்கியிருக்கு, டொக்டர் வேணும், அதுக்கு என்ன குறைச்சல்? காலில் என்ன என்று கேட்பான், ஷெல் துண்டு, ஷெல் எங்கே பட்டது, வாகரையில், வாகரையில் என்ன செய்துகொண்டிருந்தாய்... ஓம், அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாத ஆள், கேட்டால் சொல்லியிருப்பாள். அதனால் முழுவதையும் விழுங்கிவிட்டுக் களைப்பு என்ற ஒரு சொல்லை வைத்தார். அந்தச் சொல்லின் விலை இரண்டு விரல். அவருக்கு அது தெரியுமா? தெரிந்துகொண்டுதான் ஐப்பசியில் மைக்கைப் பிடித்தாரா? இப்போது நான் உள்ளதை உள்ளபடி எழுதினால் கௌசலா பொய் சொல்லவில்லை என்பது நிரூபணம் ஆகும், அதே வசனத்தோடு காம்பும் போகும், அறிக்கையின் ஒரு பிரதி அவளைத் தடுத்து வைத்த ஆக்களுக்கே போக வேண்டும், அது விதி, அவளுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. மூடினால் அவள் பொய்க்காரி. மற்றது, தேவதாசன் மாமா ஒரு வசனத்தை விழுங்கினார் என்று பதிவானால், அவர் வேறு எந்தெந்த அறைகளில் எதையெல்லாம் விழுங்கினார் என்று ஆராவது தேடத் தொடங்க மாட்டார்களா, தொண்ணூற்று ஓராம் ஆண்டில் கிருபானந்தன் என்ற லொறிச் சாரதிக்கு, என் அப்பாவுக்கு...

அவள் படிக்கட்டுக்குப் போய்விட்டாள், பதினோராம் மாடிக்கும் பத்துக்கும் இடையில், ஒருத்தரும் நடக்காத இடம், சீமெந்துக் குளிர். அப்பாவுக்கு ரெலிபோன் அடித்தாள். கோட்-டெ-நேஜ் அடுக்குமாடியில் அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார், இந்த நேரம் சாப்பிட்டுவிட்டு ரீவியில் செய்தி பார்ப்பார். சாப்பிட்டிட்டீங்களோ அப்பா என்றாள், ஓம், என்ன பிள்ளை வேலை நேரத்தில என்றார். சும்மாதான், தேவதாசன் மாமா இப்பவும் மொழிபெயர்க்கப் போறவரோ? ரீவிச் சத்தம் குறைந்தது, பிறகு முற்றாக நின்றது. “ஏன் கேக்கிறாய்?” என்றார். கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது, சொன்னால் வேலை போய்விடும், அவள் சுற்றி வளைத்து, உங்கட விசாரணைக்கும் அவர்தானே வந்தவர் என்றாள், நீங்கள் சொன்னது எல்லாத்தையும் அவர் சொன்னவரோ என்றாள், கேட்கும்போதே தன் குரல் மாறிவிட்டது அவளுக்குத் தெரிந்தது, அது சாட்சிகளிடம் கேட்கிற குரல், நட்பாக, அவசரம் இல்லாமல். “பக்கத்தில ஆராவது நிக்கினமோ?” “இல்லையப்பா.” “இது பதிவாகுதோ?” “அப்பா, நான் உங்கட மகள்.” “ஓம், மகள்தான். அரசாங்கத்தில வேலை செய்யிற மகள்.” அவர் ரெலிபோனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள், வைக்கவில்லை. “நான் அண்டைக்கு நிறையக் கதைச்சனான் பிள்ளை. அவர் கொஞ்சம்தான் சொன்னவர். வேற ஒண்டும் என்னட்டக் கேளாதை.” வைத்துவிட்டார். கூட்டுறவுச் சங்க லொறி என்றுதான் சின்ன வயதிலிருந்து கேள்வி, அரிசியும் மாவும் ஏற்றுகிற லொறி. அதில் வேறு என்ன ஏறியது, எத்தனை தரம், விரும்பியா விரும்பாமலா, நாற்பது வயதுவரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றவில்லையா அல்லது கேட்காமல் இருக்கத்தான் சட்டம் படித்தேனா. ஒன்பது வயதில் அப்பாவின் பத்திரத்தில் பெயர் எழுதப்பட்டு விமானம் ஏறி வந்தவள், இந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்து இந்தக் கதிரையில் இருப்பவள்... கீழே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. ஆரோ நின்று கேட்டார்களோ? ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் இல்லாததையும் அவள் நம்பவில்லை.

மேசைக்கு வந்தபோது ஒன்றே கால். மொழிபெயர்ப்பாளரை எனக்குத் தெரியும், நான் விலகுகிறேன் என்று ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பினால் ஐந்து நிமிடம், கை கழுவிவிடலாம். கோப்பு வேறு ஒருவருக்குப் போகும், அவர்கள் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போடுவார்கள், அவர் நேர்மையான ஆளாக இருந்தால் முழு வசனத்தையும் எழுதுவார். நேர்மையான ஆள் வந்தால் காம்பும் வரும். படிவத்தைத் திறந்தாள், மூடினாள். பிறகு குறிப்பு எழுதத் தொடங்கினாள், பிரெஞ்சில், இந்த மொழியில் எழுதும்போது தான் கெட்டிக்காரி என்று அவளுக்கே தெரியும். ‘நாற்பத்தேழாவது நிமிடத்தில் முறைப்பாட்டாளர் மூன்று நாட்களாக மருந்து எடுக்கவில்லை என்றும் கால் வீங்கியிருக்கிறது என்றும் கூறி மருத்துவரைக் கேட்கிறார். கோரிக்கை அலுவலருக்கு எட்டவில்லை. முறைப்பாட்டுக்கு ஆதாரம் உண்டு.’ எட்டவில்லை, ஆரால் எட்டவில்லை என்று அந்த வினைச்சொல்லுக்குத் தெரியாது, நல்ல சொல். வாசித்துப் பார்த்தாள், பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் ஒலிப்பதிவில் இருக்கிறது. நடுவில் ஒரு துண்டு இல்லை, அவ்வளவுதான். அனுப்பினாள்.

இரண்டு மணிக்கு முன்னரே செலீன் வரச் சொன்னாள். கதவைச் சாத்து என்றாள். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே, பதினொரு தரம் கேட்டிருக்கிறாய் என்றாள், ஒரே இடத்தை. தாட்சாயினி, சத்தம் தெளிவில்லை என்றாள். ஓம், தெளிவில்லாத இடம், அப்படித்தான் எனக்கும் சொன்னார்கள் என்றாள் செலீன். ஆர் சொன்னது? செலீன் குறிப்பின் அச்சுப் பிரதியை எடுத்து விரலால் வரியோடு வரியாகத் தடவினாள், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத பெண், ஆனால் பதினொரு செக்கன் பேச்சுக்கும் இரண்டு வரிக்கும் உள்ள நீள வித்தியாசம் ஆருக்கும் தெரியும். “அவ்வளவுதான் சொன்னாளா?” “அவ்வளவுதான்.” பதில் உடனே வந்தது, யோசிக்காமல், மரியாதையாக. செலீன் தலையை நிமிர்த்தி அவளை நெடுநேரம் பார்த்தாள், கண்ணில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “நான் காலையில் கேட்காதே என்று சொன்னது கோப்புக்காக இல்லை, தாட்சா. உனக்காக.” பிறகு, நாலு மணிக்கு ஒட்டாவாவுக்கு அனுப்புகிறேன், மாற்றுவதென்றால் அதற்கு முதல் சொல் என்றாள். மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று அவள் நினைக்கிறாள்? தெரிந்து என்னைக் காப்பாற்றுகிறாளா, அல்லது எல்லாவற்றையும் என் கையெழுத்தின் கீழே வரவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிறாளா, இரக்கத்துக்கும் பொறிக்கும் ஒரே முகம் இருந்தால் எப்படிப் பிரித்து அறிவது...

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது, ரெனே-லெவெக் வீதியில் வாகன விளக்குகள் பகலிலேயே எரிந்தன. அவள் தன் நாற்காலியில் இருந்து இன்னும் தேவதாசன் மாமாவோடு வழக்காடிக்கொண்டிருந்தாள், நீங்கள் எல்லாவற்றையும் விழுங்கினீங்கள், நான் தேவையானதைச் சொன்னேன், அது வேறு இது வேறு, நீங்கள் அவளின் விரலை எடுத்தீங்கள், நான் அவளுக்குப் பெயரைத் திருப்பிக் குடுத்தேன், ஆராவது அந்த ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டால் எனக்கும்தான் வேலை போகும், அப்ப நான் உங்களை விடத் துணிஞ்சவள்தானே... வழக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் பதில் சொல்லவில்லை, அவர் எப்படிச் சொல்லுவார். அப்போதுதான் அந்த வழக்கில் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. நாற்பத்தேழாவது நிமிடத்தில் அந்தப் பெண் சொன்னதில் எதை வைப்பது எதை எடுப்பது என்று அவர் முடிவெடுத்தார், நான் முடிவெடுத்தேன், அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் அந்தக் காம்பையும் சேர்த்துத்தான் சொல்ல விரும்பினாளோ என்னவோ, காலும் காம்பும் அவளுக்கு ஒரே கதையோ என்னவோ, பதினெட்டு வருடமாக ஆராவது ஒருத்தர் கேட்கட்டும் என்று காத்திருந்து, மூச்சு விடாமல் சொன்ன ஒரே வசனமோ என்னவோ. அல்லது தெரியாமல் வாயிலிருந்து வந்ததோ, எடுத்துவிட்டீங்களே, புண்ணியம் என்பாளோ.

முறைப்பாட்டின் அடியில் ரெலிபோன் இலக்கம் இருந்தது, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு விலாசமும். அவளுக்கென்று சட்டத்தரணி ஒருத்தரும் இந்த முறைப்பாட்டில் இல்லை, நேரே எடுத்துக் கதைக்கத் தடை ஒன்றும் கிடையாது, ஆனால் ஒருத்தரும் எடுப்பதில்லை, கடிதம்தான் போடுவார்கள். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அடித்தாள். நாலு தரம் மணி போனது, எடுக்காவிட்டால் நல்லது என்று நினைத்தாள், நினைத்ததைக் கவனித்தாள். பிறகு அந்தக் குரல், ஒலிப்பதிவில் கேட்ட அதே மெல்லிய குரல், போஞ்சூர் என்றது பயந்து பயந்து. “வணக்கம், நான் தாட்சாயினி எண்டு கதைக்கிறன். உங்கட முறைப்பாடு சம்பந்தமா, அலுவலகத்திலயிருந்து.” தமிழைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு இறங்கியது. “ஐயோ, தமிழா கா... நீங்க மொழிபெயர்க்கிற ஆளா?” “இல்லை, இல்லையம்மா. நான் லோயர்.” பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடி நின்றது, அவள் நொண்டி நடந்து எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கதிரை இழுபட்டது.

“யாருட லோயர்?” என்று கேட்டாள் கௌசலா.

கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை, தெரியாமல் கேட்கிறாள், தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் கேட்கிறாள். பிரெஞ்சில் அதற்குப் பதில் இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது, எத்தனையோ கூட்டங்களில் தடுமாறாமல் சொன்ன பதில். தமிழில் இதுவரை ஒருத்தரும் அவளை அப்படிக் கேட்டதில்லை, தமிழில் அந்த வசனத்தை எந்தச் சொல்லில் தொடங்குவது, உங்கட என்றா, அவையளின்ர என்றா... “ஹலோ,” என்றாள் கௌசலா, “கேக்குதா?” கேட்குது என்றாள் தாட்சாயினி, அது மட்டும் வாயில் வந்தது, கேட்குது, சொல்லுங்கோ.